கோடக்கன் பிள்ளை வழக்கும் வலசை போகும் பழக்கமும்

1950ஆம் ஆண்டில் இலங்கையின் ருவன்வெல்லைத் தேர்தல் தொகுதிக்குரிய வாக்காளர் பட்டியல் திருத்தப்பட்டபோது, கோடக்கன் பிள்ளை என்பவர் தம் பெயரையும் அதில் சேர்க்கும்படி விண்ணப்பித்தார். இந்திய வம்சாவளித் தமிழர் அவர். புதிய சட்டத்தின்படி அவர் இலங்கைக் குடிமகன் அல்லர் என்று சொல்லி, பதிவு அதிகாரி அவர் பெயரைச் சேர்க்கவில்லை. முறையீட்டை விசாரித்த திருத்த அதிகாரி சிவஞானசுந்தரம், அந்தப் புதிய சட்டமே அரசியலமைப்புக்கு முரணானது, ஆகவே செல்லாது என்று தீர்ப்பளித்தார். நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தை ஒரு வாக்காளர் பட்டியல் விசாரணையில் செல்லாது என்று சொன்ன அந்தத் துணிவு வியப்புக்குரியது. பதிவு அதிகாரி முதநாயக்க உச்ச நீதிமன்றம் சென்றார். 1951இல் அந்த ஆணை நீக்கப்பட்டது. கோடக்கன் பிள்ளை லண்டனிலிருந்த பிரிவி கவுன்சிலுக்கு, ஈழத்தார் மொழியில் சொன்னால் கோமறைக் கழகத்துக்கு, மேன்முறையீடு செய்தார். 1953இல் அங்கும் தோற்றார்.

மலையகத் தமிழர் நாடற்றவரான வரலாற்றை நாம் பெரும்பாலும் அரசியல் வரலாறாகவே படித்திருக்கிறோம். டி. எஸ். சேனாநாயக்கவின் சட்டங்கள், ஜி. ஜி. பொன்னம்பலத்தின் நிலைப்பாடு, 1949இல் செல்வநாயகம் பிரிந்துபோய்த் தமிழரசுக் கட்சி கண்டது, 1964இன் ஒப்பந்தம் என்று அந்தக் கதை செல்கிறது. அதற்குள்ளேயே இன்னொரு வரலாறு அடங்கியிருக்கிறது. அது அம்மக்கள் நீதிமன்றத்தை நாடிய வரலாறு. புலம்பெயர்ந்து உழைப்பவர் தம் உரிமைக்காக நீதிமன்றம் போக முடியாமற் போவதற்கு வறுமை, அறியாமை, மொழி என்று காரணங்கள் சொல்வதுண்டு. அவை உண்மைதாம். ஆனால் கோடக்கன் பிள்ளை வழக்கில் இந்தத் தடைகள் எல்லாம் கடக்கப்பட்டன. அன்றைய பேரரசின் உச்சியில் இருந்த நீதிமன்றமே வழக்கைக் கேட்டது. அதன் பின்னும் வழக்கு தோற்றதென்றால், தடை வேறோர் இடத்தில் இருந்தது என்று பொருள். அந்த இடத்தைத் தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

குற்றவாளிக் கூண்டு வழியே நுழைந்தவர்கள்

தோட்டத் தொழிலாளர் நீதிமன்றத்தை முதலில் அறிந்தது வழக்காடியாக அன்று, குற்றம் சாட்டப்பட்டவராகவே. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொழிற் சட்டம் வேலை ஒப்பந்தத்தை மீறுவதைக் குற்றமாக்கிற்று. முன்னறிவிப்பின்றித் தோட்டத்தை விட்டுப் போனவர் மீது துரை வழக்குத் தொடுக்கலாம். அந்தத் தொழிலாளிக்குச் சிறைத்தண்டனையும் கிடைக்கலாம். கூலி தராத துரை மீது தொழிலாளியும் வழக்குத் தொடுக்கலாம் என்றுதான் சட்டம் சொன்னது. ஏட்டளவில் இருபுறமும் சமம். ஆனால் முறையிடுவதற்கு நீதிமன்றம் இருக்கும் ஊருக்குப் போக வேண்டும். போவதற்குத் துரையின் அனுமதி வேண்டும். அனுமதி இல்லாமல் போனால் அது வேலைக்கு வராத குற்றம். கூலி கேட்டு நடந்து போகிறவன், போகும் வழியிலேயே குற்றவாளி ஆகிவிடுவான்.

இதற்குமேல் துண்டு என்ற ஒன்று இருந்தது. தொழிலாளி ஒரு தோட்டத்திலிருந்து வேறு தோட்டம் போக வேண்டுமானால், அவன் கங்காணிக்கும் தோட்டத்துக்கும் பட்ட கடன் இவ்வளவு என்று எழுதிய சீட்டு வேண்டும். புதிய தோட்டம் அந்தக் கடனைத் தீர்த்தால்தான் அவன் விடுபடுவான். தமிழகத்துக் கிராமத்திலிருந்து புறப்பட்ட வழிச்செலவே அந்தக் கடனின் முதற்கணக்கு. ஆளுக்கு ஆள், தோட்டத்துக்குத் தோட்டம் கைமாறிய இக்கடனைப் பற்றித் தொழிலாளி கையில் எந்த எழுத்தும் இல்லை. கணக்கு கங்காணியிடம், சீட்டு துரையிடம். 1921இல் துண்டு முறை ஒழிக்கப்பட்டது. ஒப்பந்த மீறலுக்குச் சிறை என்பதும் அதையொட்டி முடிவுக்கு வந்தது. ஆனால் மூன்று தலைமுறைகள் அதற்குள் கழிந்துவிட்டன. எழுத்து என்றால் அது நமக்கு எதிராக வேறொருவர் வைத்திருப்பது என்பதே அம்மக்களின் அனுபவமாயிற்று. பின்னாளில் அதே மக்களிடம்தான் எழுத்துச் சான்று கேட்கப்பட்டது.

இரண்டு வெற்றிகள்

நீதிமன்றம் எப்போதும் மூடியே இருந்தது என்று சொல்வது சரியன்று. இரண்டு வழக்குகளை நினைவுகூர வேண்டும்.

முதலாவது, பிரேஸ்கேர்டில் வழக்கு. ஆஸ்திரேலியாவிலிருந்து 1936இல் தேயிலைத் தொழில் பழக வந்த இளைஞர் மார்க் ஆன்டனி பிரேஸ்கேர்டில், லங்கா சமசமாஜக் கட்சியில் சேர்ந்து, தோட்டத் தொழிலாளர் நடுவே துரைமார்க்கு எதிராகப் பேசினார். 1937இல் ஆளுநர் ஸ்டப்ஸ் அவரை நாடுகடத்த உத்தரவிட்டார். தலைமறைவான அவர் பின்னர்க் கைதானார். ஆட்கொணர்வு மனு உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் முன் வந்தது. எச். வி. பெரேரா அவருக்காக வாதாடினார். ஆளுநர் பயன்படுத்திய அதிகாரம் நெருக்கடிக் காலத்துக்கு உரியது, அமைதிக் காலத்தில் ஒருவரைப் பேசியதற்காக வெளியேற்ற அது பயன்படாது என்று நீதிமன்றம் அவரை விடுவித்தது. இலங்கை நீதித்துறை வரலாற்றில் இன்றும் பெருமையோடு பேசப்படும் தீர்ப்பு இது.

இரண்டாவது, பிரிவி கவுன்சில் 1950இல் தீர்த்த செல்வநாயகம் வழக்கு. இவர் அரசியல் தலைவர் எஸ். ஜே. வி. செல்வநாயகம் அல்லர். வேலை நீக்கப்பட்ட பின் தோட்டத்துக் குடியிருப்பை விட்டுப் போக மறுத்து, குற்ற அத்துமீறலுக்காகத் தண்டிக்கப்பட்டவர். தமக்கு உரிமை உண்டென்று மெய்யாகவே நம்பி ஓரிடத்தில் தங்குபவர், அதனால் உரிமையாளருக்கு எரிச்சல் உண்டாகும் என்று அறிந்திருந்தாலும் குற்றவாளி ஆகமாட்டார், எரிச்சலூட்டுவதே முதன்மை நோக்கம் என்று நிறுவப்பட வேண்டும் என்று பிரிவி கவுன்சில் விளக்கிற்று. தண்டனை நீங்கியது. இந்திய நீதிமன்றங்களும் பின்னர் இத்தீர்ப்பை எடுத்தாண்டிருக்கின்றன.

இரு வழக்குகளுக்கும் பொதுவான ஒன்று உண்டு. இரண்டிலும் ஓர் ஆள் இருந்தார். அவர் மீது அரசு கை வைத்தது. கை வைத்தவர் தம் அதிகாரத்தைக் காட்டட்டும் என்று நீதிமன்றம் கேட்டது. நிரூபிக்கும் சுமை அரசின் தோள்மேல் இருந்தது. சிறைக்கூடம், தண்டனை, நாடுகடத்தல் ஆகிய இடங்களில் பழைய ஆங்கிலச் சட்டம் கூர்மையாக வேலை செய்யும். 1948க்குப் பின் மலையகத் தமிழருக்கு நேர்ந்தது இந்த வகைக்குள் அடங்கவில்லை. யாரும் அவர்களைக் கைது செய்யவில்லை. லயக் காம்பிராவிலேயே இருந்தார்கள். காலையில் வழக்கம்போலப் பிரட்டுக்குப் போனார்கள். அவர்கள் இருந்த இடத்திலேயே இருக்க, நாடு அவர்களை விட்டு அகன்றது.

ஒற்றைச் சிலம்பு

1946ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி இலங்கையில் இந்தியத் தமிழர் ஏறத்தாழ 7,80,000 பேர். மக்கள்தொகையில் எட்டில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. 1947 தேர்தலில் இலங்கை இந்திய காங்கிரஸ் ஏழு இடங்களை வென்றது. நுவரெலியாவில் எஸ். தொண்டமானும், தலவாக்கலையில் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளையும் அந்த எழுவருள் இருவர். வேறு சில தொகுதிகளில் தோட்ட மக்களின் வாக்கு இடதுசாரி வேட்பாளர்களுக்குத் துணை நின்றது. அடுத்த ஆண்டே 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்தது. இலங்கையில் பிறந்திருந்தாலும் போதாது. தந்தை இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்திருக்க வேண்டும். 1949ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம், குடிமகன் அல்லாதவருக்கு வாக்கில்லை என்றது. இவ்விரண்டுக்கும் இடையே 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கமாக இந்திய பாகிஸ்தானியர் குடியுரிமைச் சட்டம் இயற்றப்பட்டது. பதிவின் மூலம் குடியுரிமை பெற அது ஒரு வழி திறந்தது.

அந்த வழியின் அகலத்தைப் பார்க்க வேண்டும். 1946 ஜனவரி 1க்கு முன் மணமானவர் ஏழு ஆண்டும், மணமாகாதவர் பத்து ஆண்டும் இடையறாது இலங்கையில் வசித்ததைக் காட்ட வேண்டும். பன்னிரண்டு மாதத்துக்கு மேல் நாட்டில் இல்லாதிருந்தால் தொடர்ச்சி அறுந்தது. மனைவியும் சிறுபிள்ளைகளும் எங்கே வசித்தார்கள் என்பதும் பார்க்கப்பட்டது. போதிய வருமானம் காட்ட வேண்டும். 1951 ஆகஸ்ட் 5க்குள் விண்ணப்பித்தாக வேண்டும். ஊரில் தாய் இறந்ததற்குப் போய், நோயில் விழுந்து, மழைக்காலம் கழித்து, கடன் வாங்கித் திரும்பிய ஒருவனுக்கு அந்தப் பயணமே அவனுக்கு எதிரான சாட்சியம். பேறுகாலத்துக்குப் பிறந்தகம் போன மனைவி குடும்பத்தின் தொடர்ச்சியைக் கேள்விக்குள்ளாக்கினாள்.

சிலப்பதிகாரத்தில் கண்ணகியும் கோவலனும் பிழைக்க வழி தேடிப் புகாரிலிருந்து மதுரைக்கு வந்தவர்கள்தாம். வந்த இடத்தில் விசாரணையின்றிக் கோவலன் கொல்லப்பட்டான். ஆனால் கண்ணகி பாண்டியன் அவையில் நின்றபோது அவள் கையில் மற்றொரு சிலம்பு இருந்தது. உடைத்துக் காட்டினாள், மாணிக்கப் பரல் தெறித்தது, வழக்கு முடிந்தது. சான்று கையிலிருந்தவளுக்கே அந்த நீதி கிட்டியது. தோட்டத் தொழிலாளியின் சிலம்பு எங்கே இருந்தது? பெயர்ப்பதிவும் சம்பளக் கணக்கும் தோட்டத்து அலுவலகத்தில் இருந்தன. பாட்டன் கப்பலேறி வந்த விவரம், இருந்தால், அரசின் ஏட்டில் இருந்தது. அந்த விவரமே பாட்டன் இலங்கையில் பிறந்தவன் அல்லன் என்பதற்கும் சான்றாகும். சிங்களக் கிராமத்து உழவனிடமும் பாட்டனின் பிறப்புச் சான்று இல்லைதான். ஆனால் அவனிடம் யாரும் அதைக் கேட்கவில்லை. ஒரே சட்டம், அதன் சுமை மட்டும் ஒரு சாரார் மேல் இறங்கியது.

ஏறத்தாழ 8,25,000 பேருக்காக விண்ணப்பங்கள் போயின. குடியுரிமை பெற்றவர் ஏறத்தாழ 1,34,000 பேர். மறுக்கப்பட்டவர் உச்ச நீதிமன்றத்துக்கு மேன்முறையீடு செய்யலாம் என்று சட்டத்தில் இருந்தது. ஆனால் அந்த மேன்முறையீடு தனி ஒருவரின் கோப்பைப் பற்றியது. இவர் இத்தனை மாதம் நாட்டில் இருந்தாரா, இந்த உறுதிமொழி முறையாக எழுதப்பட்டதா என்பன போன்ற கேள்விகளே அங்கே எழ முடியும். வழக்கறிஞரை அமர்த்தி அந்தக் கேள்விகளில் ஒருவர் வென்றால், அவர் குடும்பம் மட்டும் வென்றது. பக்கத்து லயத்துக் குடும்பம் தன் வழக்கைத் தொடக்கத்திலிருந்து நடத்த வேண்டும். இலட்சக்கணக்கானோருக்கு ஒரே நாளில் இழைக்கப்பட்டதை ஒவ்வொருவராகத் தீர்க்கும்படி விட்டதும் ஒரு தடைதான்.

தீர்ப்பு

இந்த ஒவ்வொருவர் என்ற பொறியிலிருந்து தப்பும் முயற்சியே கோடக்கன் பிள்ளை வழக்கு. சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு, எந்தச் சமூகத்தாருக்கும் சமயத்தாருக்கும் மற்றவர்க்கு இல்லாத தடையையோ குறைபாட்டையோ விதிக்கும் சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றலாகாது என்றது. அப்படி இயற்றினால் அந்த அளவுக்கு அது செல்லாது என்றும் சொன்னது. சிறுபான்மையினர் சுதந்திரத்தை ஏற்றதற்கு அடிப்படையாக இருந்த காப்பு இதுதான். குடியுரிமைச் சட்டமும் தேர்தல் சட்டமும் சேர்ந்து இந்தியத் தமிழர் என்ற சமூகத்தின் வாக்கைப் பறிக்கின்றன, ஆகவே இரண்டும் செல்லா என்பது வாதம். இது வென்றிருந்தால் ஒரு மனிதரின் பெயரோடு ஒரு சமூகத்தின் பெயரும் பட்டியலில் ஏறியிருக்கும்.

இலங்கை உச்ச நீதிமன்றம் சொற்களைப் பார்த்தது. சட்டத்தின் சொற்கள் தெளிவாக இருக்கும்போது இயற்றியவரின் உள்நோக்கத்தைத் தேடக்கூடாது. சட்டத்தில் இந்தியத் தமிழர் என்ற பெயரே இல்லை. பிறப்பு, தந்தை, பாட்டன் என்ற அளவுகோல் எல்லாருக்கும் பொது. ஆகவே பாகுபாடு இல்லை.

பிரிவி கவுன்சில் சற்று அப்பால் போயிற்று. தன் குடிகள் யார் என்று தீர்மானிப்பது எந்த நாட்டுச் சட்டமன்றத்துக்கும் இயல்பான, நியாயமான பணி என்றது. நேராகச் செய்ய முடியாததைச் சுற்றுவழியில் செய்யும் திட்டத்தின் பகுதியாகவே சட்டம் இயற்றப்பட்டது என்றால், அதை எதிர்ப்பவரே நிறுவ வேண்டும் என்றது. இந்திய பாகிஸ்தானியர் சட்டம் ஒரு வழி திறந்திருக்கும்போது அப்படி ஒரு திட்டம் இருந்ததாகக் கொள்ள முடியாது என்றும் சொன்னது. பிரேஸ்கேர்டிலும் செல்வநாயகமும் சுமக்க வேண்டியிராத சுமை இங்கே கோடக்கன் பிள்ளையின் தோளில் ஏற்றப்பட்டது. மூடிய மனத்துக்குள் இருந்த நோக்கத்தை, அந்த மனத்துக்கு வெளியே நிற்பவர் நிறுவ வேண்டும்.

தீர்ப்பில் என்னை மிகவும் உறுத்துவது வேறொரு வாசகம். சோல்பரி ஆணைக்குழுவின் அறிக்கையைச் சுட்டி, இந்தியத் தமிழரின் இடம்பெயரும் பழக்கங்கள் அவர்கள் இலங்கைக் குடிகளாகத் தகுதி உடையவரா என்பதற்கு நேரடித் தொடர்புடைய செய்திகள் என்றும், ஒரு சமூகம் என்ற வகையில் அவர்களோடு அவற்றுக்குத் தொடர்பில்லை என்றும் அது கூறுகிறது. ஆங்கிலத்தில் அவர்கள் ஆண்ட சொல் பறவைகளுக்கும் வழங்குவது. தமிழில் அதற்கு நேரான சொல் வலசை. பருவம் பார்த்துப் பறந்து வந்து பருவம் பார்த்துப் பறந்து போகும் நாரைக்கூட்டத்தின் பழக்கம்.

புலம்பெயர்தல் தமிழுக்குப் புதிய கருத்தன்று. பல தேயத்து மக்கள் கலந்து வாழ்ந்த நகரைப் பட்டினப்பாலை பெருமையோடு பேசுகிறது. வேறு நிலத்திலிருந்து வந்தவர் என்பது அங்கே ஒரு செய்தி. அது குறையாகவோ குணமாகவோ ஆக்கப்படவில்லை. பிரிவி கவுன்சிலில் அது பழக்கமாயிற்று. பழக்கம் என்றால் ஒருவர் விரும்பிக் கைக்கொள்வது. கங்காணி அழைத்து வந்ததும், துண்டு கட்டிப்போட்டதும், விலை சரிந்த ஆண்டுகளில் தோட்டங்கள் ஆள்குறைத்து ஊருக்கு அனுப்பியதும், துரைக்குத் தேவையானபோது மறுபடி வரவழைத்ததும் அச்சொல்லுக்குள் மறைந்துவிட்டன. ஒரு தொழிலின் ஏற்பாடு ஒரு மக்களின் இயல்பாக மாற்றப்பட்டது. அந்த இயல்பு எல்லாருக்கும் இருந்ததாகக் கொள்ளப்பட்ட பிறகும், அது ஒரு சமூகத்தைப் பற்றிய பேச்சில்லை என்று சொல்லப்பட்டது. நான் முதலில் கேட்ட கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது. நீதிமன்றத்தின் கதவு திறந்திருந்தது. உள்ளே சென்றவரின் வாழ்க்கையை நீதிமன்றம் எந்தச் சொல்லால் விவரித்ததோ, அந்தச் சொல்லிலேயே தீர்ப்பு முடிந்திருந்தது.

காலத்தையும் மறக்கலாகாது. தீர்ப்பு 1953இல் வந்தது. பொதுத்தேர்தல் 1952 மே மாதத்திலேயே நடந்து முடிந்துவிட்டது. அவ்வாண்டு தொண்டமான் தலைமையில் கொழும்பில் மாதக்கணக்கில் சத்தியாக்கிரகம் நடந்தது. ஏழு உறுப்பினர் இருந்த நாடாளுமன்றத்தில் ஒருவரும் இல்லாமற் போனார்கள். வென்றிருந்தாலும் அந்தத் தேர்தல் திரும்பி வந்திராது.

வேறு விதமாக முடிந்திருக்குமா?

நீதிபதிகள் சட்டத்தின்படி நடந்தார்கள், அக்காலத்து ஆங்கிலச் சட்ட மரபில் வேறு வழியில்லை என்று ஒரு மறுப்பு எழலாம். புறக்கணிக்கக் கூடாத மறுப்பு அது. ஆனால் எல்லாருக்கும் பொதுவாக எழுதப்பட்ட சட்டம் ஒரு சாராரை மட்டும் வீழ்த்துவதைக் கண்டுகொண்ட நீதிமன்றங்கள் அதற்கு முன்பே இருந்தன. சான் பிரான்சிஸ்கோ நகரில் மரக்கட்டடத்தில் சலவை நிலையம் நடத்த அனுமதி வேண்டும் என்றொரு விதி இருந்தது. சீனர் ஏறத்தாழ 200 பேரின் விண்ணப்பங்கள் மறுக்கப்பட்டன. சீனரல்லாதார் ஏறத்தாழ 80 பேருக்கு, ஒருவர் நீங்கலாக, அனுமதி கிடைத்தது. 1886இல் யிக் வோ வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், முகத்தில் நடுநிலையாகத் தோன்றும் விதியும் கொடிய கையால் செயற்படுத்தப்பட்டால் செல்லாது என்றது. வழக்காடியவர் அமெரிக்கக் குடிமகன் அல்லர் என்பது தடையாகவில்லை. 1915இல் அதே நீதிமன்றம் ஓக்லஹோமா மாநிலத்தின் பாட்டன் விதியை நீக்கியது. 1866க்கு முன் வாக்குரிமை பெற்றிருந்தவரின் வழித்தோன்றலுக்கு எழுத்தறிவுத் தேர்விலிருந்து விலக்கு என்ற அவ்விதியில் கறுப்பர் என்ற சொல்லே இல்லை. பாட்டனைக் கேட்பதன் பொருள் நீதிபதிகளுக்குப் புரிந்தது.

அந்த நீதிமன்றத்தையும் உயர்த்திப் பேச வேண்டியதில்லை. யிக் வோ தீர்ப்புக்கு மூன்றாண்டுகள் கழித்து, நாட்டுக்குத் திரும்பி வர அனுமதிச் சீட்டு வைத்திருந்த சீனத் தொழிலாளி ஒருவரைத் திருப்பியனுப்பியதைச் சரியென்றதும் அதுவே. சலவை நிலையத்தைக் காத்த நீதிமன்றம், நாட்டின் வாயிலில் ஒதுங்கிக்கொண்டது. யார் உள்ளே, யார் வெளியே என்ற கேள்வி வந்ததும் நீதிபதிகள் சட்டமன்றத்தைக் கைகாட்டுவது பல நாடுகளிலும் காணப்படும் வழக்கம். இலங்கையின் 29ஆம் பிரிவு அந்த வழக்கத்தை உடைக்கக் கூடிய எழுத்தாக இருந்தது. அதற்கு ஒருமுறை கிடைத்த வாய்ப்பு 1953இல் கைநழுவியது.

குடிகளுக்கு இடையிலான சமநிலை

1964இல் லஞ்ச ஆணையாளருக்கும் ரணசிங்கவுக்கும் இடையிலான வழக்கில் பிரிவி கவுன்சில் 29ஆம் பிரிவைப் பற்றிப் பேச நேர்ந்தது. அந்தப் பாதுகாப்புகள் இலங்கைக் குடிகளுக்கு இடையே உரிமைகளின் புனிதமான சமநிலையைக் குறிக்கின்றன, அவற்றை நம்பியே அவர்கள் அரசியலமைப்பை ஏற்றார்கள், ஆகவே அவை மாற்றவொண்ணாதவை என்ற கருத்து அங்கே சொல்லப்பட்டது. சட்ட மாணவர் போற்றும் வாசகம். குடிகளுக்கு இடையே என்ற சொற்களை மட்டும் நாம் நின்று படிக்க வேண்டும். அரசியலமைப்பு ஏற்கப்பட்டபோது வாக்காளராக இருந்த மலையக மக்கள், அந்த வாசகம் எழுதப்பட்டபோது குடிகளாக இல்லை.

அதே ஆண்டு அக்டோபர் 30இல் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. நாடற்றவர் 9,75,000 பேர் என்று கணக்கிட்டு, இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000 என்று பங்கிட்டார்கள். எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் சரிபாதியாகப் பிரித்தார்கள். நீதிமன்றம் அவர்களை ஒவ்வொருவராக மட்டுமே பார்த்தது. அரசுகள் அவர்களை எண்ணிக்கையாக மட்டுமே பார்த்தன. மக்களாகப் பார்க்கும் இடம் இரண்டுக்கும் நடுவே காணாமற் போயிற்று. அண்ணன் அக்கரைக்கு, தம்பி இக்கரைக்கு என்று குடும்பங்கள் பிரிந்தன.

1971இல் பிரிவி கவுன்சிலுக்கான மேன்முறையீடு ஒழிந்தது. 1972 அரசியலமைப்பில் 29ஆம் பிரிவே இல்லை. 1978 அரசியலமைப்பு அடிப்படை உரிமைகளைத் தந்தது. ஆனால் பேச்சு, சங்கம் அமைத்தல், நடமாட்டம் முதலியன குடிகளுக்கே உரியன. வேறெந்த நாட்டுக் குடியுமல்லாது இலங்கையில் நிலையாக வசித்தவர்க்குப் பத்தாண்டுக் காலம் மட்டும் அவை நீட்டப்பட்டன. உரிமை மீறப்பட்டால் ஒரு மாதத்துக்குள் உச்ச நீதிமன்றம் போக வேண்டும். நடைமுறைக்கு வந்துவிட்ட சட்டத்தை எந்த நீதிமன்றமும் கேள்வி கேட்க முடியாது. கோடக்கன் பிள்ளை வழக்கைப் போன்ற ஒன்றை இனி இலங்கையில் தொடுக்கவே வழியில்லை.

நாடற்ற நிலை நீங்கியது நீதிமன்றத்தால் அன்று. 1977இல் தொண்டமான் நாடாளுமன்றம் திரும்பி, மறு ஆண்டு அமைச்சரான பிறகு, மலையக வாக்குக்குப் பேரம் பேசும் வலிமை வந்தது. 1986, 1988, 2003 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள் அந்த வலிமையின் விளைவுகள். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் வசித்துவந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் குடியுரிமை வழங்கிற்று. முதற்சட்டத்திலிருந்து அதற்கு 55 ஆண்டுகள்.

அக்கரையில்

இந்தியாவுக்கு வந்தவர் கதையும் இதனோடு ஒட்டியதே. 1983க்குப் பின் அகதிகளாக வந்தோருள் மலையக வம்சாவளியினரும் இருந்தனர். முகாம்களில் பல்லாண்டு வாழ்ந்த அவர்கள் இந்தியக் குடியுரிமை கேட்டபோது, சட்டவிரோதமாகக் குடியேறியவர் என்ற சொல் குறுக்கே நின்றது. முகாம்களில் இருந்த 65 பேரின் மனுக்களை 2019 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை விசாரித்தது. அவர்களுடைய முன்னோர் இந்நாட்டிலிருந்து போனவர்கள் என்பதைக் கணக்கில் எடுத்து, விண்ணப்பங்களைப் பரிசீலித்து முடிவெடுக்கும்படி அரசுக்கு ஆணையிட்டது. குடியுரிமை வழங்குக என்று ஆணையிட முடியவில்லை. அது அரசின் வேலை என்ற எல்லைக்கோடு இங்கேயும் அப்படியே இருந்தது. 2022இல் அதே கிளை, 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்குக் கடவுச்சீட்டு வழங்க ஆணையிட்டது. 1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பால் குடிகள் என்று சட்டம் சொல்வதால் அது இயன்றது. பிறப்புச் சான்று கையில் இருந்தது. அதே முகாமில் சில ஆண்டுகள் பிந்திப் பிறந்தவருக்கு அந்தச் சான்று அவ்வாறு உதவாது.

புலம்பெயர்ந்தோர் உரிமைக்கு நீதிமன்றமே வழி என்று நம்புவோரும், நீதிமன்றத்தால் ஒன்றும் ஆகாது என்று ஒதுக்குவோரும் கோடக்கன் பிள்ளை வழக்கை ஒருமுறை படிக்க வேண்டும். 2019இல் முன்னோர் எங்கிருந்து போனார்கள் என்பது ஆதரவான செய்தியாக நின்றது. 1953இல் அதே செய்தி எதிரான பழக்கமாக நின்றது. சட்டத்தின் எழுத்தைப் போலவே, வந்தவர் யார் என்று விவரிக்கும் சொல்லும் தீர்ப்பை நடத்துகிறது. மலையக இலக்கியம் முக்கால் நூற்றாண்டாக அந்த மக்களைத் தன் சொல்லால் விவரித்து வந்திருக்கிறது. பிரிவி கவுன்சிலின் தீர்ப்பு சில பக்கங்களே கொண்டது. சி. வி. வேலுப்பிள்ளையைப் படிக்கும் வாசகர் அந்தச் சில பக்கங்களையும் அருகில் வைத்துப் படிக்கலாம். ஒரே மக்களைப் பற்றித்தான் இரண்டும் பேசுகின்றன.